திரியின் நீளம்

மாமா ஒரு சாண் திரியை மணலில் நேராகக் கிடத்துவார். கையிலிருந்த வாட்சைக் கழற்றி என்னிடம் நீட்டுவார். "நான் பத்த வச்சதும் முள்ளைப் பாரு. பொறி அந்தக் கடைசிக்கு வந்ததும் எத்தனை செகண்டுன்னு சொல்லு."

எனக்கு அப்போது பத்து, பதினொரு வயது. எம். புதுப்பட்டியில் பள்ளிக்கூட லீவு நாட்களில் மதியச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, அவர் போர்மேனாக இருந்த பயர் ஆபீசுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, நடந்து போவேன். கேட்டுக்கு உள்ளே என்னை விடமாட்டார்கள். ஷெட்டுகளிலிருந்து நன்றாகத் தள்ளி, சீமைக்கருவேலம் சூழ்ந்த ஒரு பொட்டலில்தான் மாமா புதுத் திரியைச் சோதித்துப் பார்ப்பார். நான் சொல்லும் எண்ணைக் கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் குறித்துக்கொள்வார். அதே கட்டிலிருந்து இன்னொரு சாண், அப்புறம் இன்னொன்று. மூன்றும் ஒத்து வந்தால்தான் தலையாட்டுவார்.

வானத்தில் ஏறிப் பூவாக விரியும் பேன்சி ரகத்துக்கான திரி அது. குழாயிலிருந்து குண்டைத் தூக்கி எறிகிற மருந்து பற்றும்போதே, குண்டுக்கு உள்ளே போகும் திரியும் பற்றிக்கொள்ளும். குண்டு ஏறிக்கொண்டிருக்கும், திரி எரிந்துகொண்டிருக்கும். ஏறி முடித்து, விழத் தொடங்கும் முன் குண்டு ஒரு கணம் நிற்குமே, அங்கே திரி தீர வேண்டும். நீளம் கூடினால் கீழே இறங்கி வந்து ஆள் தலைக்கு மேல் வெடிக்கும். குறைந்தால் பாதி வழியிலேயே வெடித்துவிடும்.

"மேல போறது குண்டோட வேலை. எரியுறது திரியோட வேலை. ரெண்டும் ஒரே இடத்துல சந்திக்கணும்டா. சந்திக்க வைக்கிறதுதான் நம்ம வேலை" என்பார்.

மழை குறைந்த வறண்ட சீமை என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் எங்கள் பக்கம் வேர் பிடித்தன. ஆனாலும் ஐப்பசி வந்தால் எங்கள் காற்றிலும் ஈரம் ஏறும். ஈரம் வாங்கிய திரி சோம்பி எரியும். சித்திரையில் காய்ந்தது விறுவிறுவென்று ஓடும். போன மாதம் கணக்குப் பார்த்த நீளத்தை இந்த மாதம் அப்படியே வெட்டக்கூடாது என்பதில் மாமா பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு கட்டுக்கும் புதிதாக மணல், புதிதாக வாட்ச்.

1989-ல் பத்தாவது முடித்ததும் அம்மா என்னைப் பட்டாசுக்கு விடவில்லை. சிவகாசியில் ஒரு வண்டிப் பட்டறையில் கையாளாகச் சேர்த்துவிட்டாள். பட்டறை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். அதிகம் பேசமாட்டார். ஸ்பேனரை நீட்டும்போது எத்தனையாம் நம்பர் என்றுகூடச் சொல்லமாட்டார்; கையை நீட்டுவார், நாம் கணித்துக் கொடுக்க வேண்டும்.

அங்கே எனக்கு முதல் பாடம் நடத்தியது ஒரு புல்லட். 1955-லிருந்து சென்னை திருவொற்றியூரில் உருவான வண்டி. நான் பட்டறையில் சேர்ந்த காலத்தில் அதில் இருந்தது பாயிண்ட் செட்தான். பாயிண்ட் இரண்டும் பிரிகிற அந்த நொடியில் பிளக்கில் பொறி விழும். பிரிகிற நேரத்தை முன்னே பின்னே நகர்த்த, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். அதற்கு முறை இருந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு சைக்கிள் ஸ்போக்கை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கண்டுபிடிப்போம். அங்கிருந்து பின்னால் திருப்பி, பிஸ்டனை முக்கால் மில்லிமீட்டர் வாக்கில் இறக்குவோம். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைப் பாயிண்டுக்கு நடுவே கொடுத்து லேசாக இழுத்துப் பிடித்திருப்போம். தாள் எந்த இடத்தில் நழுவி வருகிறதோ, அங்கேதான் பொறி.

அன்றைக்கு அந்தத் தட்டை நான்தான் வைத்தேன். இரண்டு மயிரிழை கூடுதலாகவே திருப்பியிருப்பேன். மறுநாள் காலையில் வண்டிக்காரர் வந்துவிட்டார் என்று அவசரம். புல்லட்டை உதைப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. டீகம்ப்ரெஸரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா பார்த்து, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் தாண்டவிட்டு, அப்புறம் முழுப் பலத்தோடு ஒரே மிதி. நான் பாதி மனதோடு மிதித்தேன். கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் அன்று மாலைக்குள் தேங்காய் போல வீங்கிவிட்டது.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி ஒன்ன ஒதைக்கலப்பா. பிஸ்டன் மேல வந்துக்கிட்டு இருக்கையில நீ நெருப்பு வச்சுட்ட. அது வந்த வழியே திருப்பித் தள்ளிருச்சு."

பாதி வழியில் வெடித்த குண்டு. பட்டறைத் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குப் பொட்டலும் மணலும் மாமாவின் வாட்சும் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு சங்கதி புரிந்தது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷமாக நான் கற்ற எல்லாமே அதன் மேல் ஏறி உட்கார்ந்தவைதான். நெருப்பு வைத்ததும் எரிந்து முடிந்துவிடுவதில்லை. எரிய அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் இன்னொன்று நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும். எவ்வளவு முன்கூட்டி என்பதற்குத்தான் இத்தனை பாடு.

இப்போது என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு இதை டவுன் பஸ்ஸை வைத்துச் சொல்வேன். சிவகாசியிலிருந்து புதுப்பட்டிக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறாய். படிக்கட்டுக்கு நடந்துவர உனக்கு அரை நிமிஷம் ஆகும். பஸ் மெதுவாகப் போனால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்தால் போதும். வேகமாகப் போனால்? அதே அரை நிமிஷத்தில் பஸ் அதிக தூரம் போய்விடும். அதனால் இன்னும் முன்னாலேயே, எங்கேயோ ஒரு பனைமரத்தைக் கண்டதுமே எழுந்துவிட வேண்டும். உன் நடை மாறவில்லை. பஸ்ஸின் ஓட்டம் மாறியதால் நீ எழும் இடம் மாறியது. இன்ஜினில் இதற்குப் பெயர் அட்வான்ஸ்.

கணக்கிலும் பார்க்கலாம். இன்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்று ஐட்லிங்கில் ஓடும்போது, பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு ஒரு விநாடியில் 4,800 டிகிரி திரும்புகிறது. கலவை எரிய 2 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் கிராங்க் 10 டிகிரிகூடத் திரும்பியிருக்காது. அதே இன்ஜின் 3,000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 18,000 டிகிரி. அதே 2 மில்லி செகண்டில் 36 டிகிரி போய்விடும். நல்லவேளையாக வேகம் கூடக் கூட சிலிண்டருக்குள் காற்றுச் சுழலும் கூடி, நெருப்பு வேகமாகப் பரவுகிறது. அதனால் அட்வான்ஸ் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போக வேண்டியதில்லை. அழுத்தம் தன் உச்சத்தைத் தொட வேண்டிய இடம், பிஸ்டன் உச்சியைத் தாண்டி 15 டிகிரி வாக்கில். சைக்கிள் பெடல் நேர் மேலே நிற்கும்போது எவ்வளவு மிதித்தாலும் நகராது. சற்று முன்னே சரிந்ததும் மிதித்தால்தான் சக்கரம் சுழலும். அதே நியாயம்.

அம்பாசடர் காலத்தில் இந்தக் கணக்கைப் போட்டது இரும்பு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்ன எடைகள், அவற்றை இழுத்துப் பிடிக்க இரண்டு ஸ்பிரிங். வேகம் ஏற எடைகள் வெளியே விரியும். பொறி முன்னே நகரும். பக்கவாட்டில் ஒரு வேக்குவம் டப்பா, அதிலிருந்து கார்பரேட்டருக்கு ஒரு மெல்லிய குழாய். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து நிதானமாகப் போகும்போது சிலிண்டருக்குள் நெருக்கம் குறைந்த கலவைதான் இருக்கும். அது மெதுவாக எரியும். அப்போது அந்த டப்பாவுக்குள் இருக்கும் தோல் இழுபட்டுப் பொறியை இன்னும் முன்னே தள்ளும். அழுத்தி மிதித்தால் கலவை நெருக்கமாகும், வேகமாக எரியும். தோல் தளர்ந்து பொறி பின்வாங்கும். ஒரு துளி மின்சார மூளைகூட இல்லாமல், எடையும் ஸ்பிரிங்கும் தோலும் சேர்ந்து இதைச் செய்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது.

கடைசித் தீர்ப்பு மட்டும் அண்ணாச்சியின் காதுக்கு. டைமிங் வைத்த பிறகு வண்டியை ரோட்டுக்கு எடுத்துப்போவார். டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஆக்சிலேட்டரைத் திடீரென்று முழுக்க அழுத்துவார். இன்ஜின் இரண்டு மூன்று முறை லேசாகத் தட்டி, வேகம் பிடித்ததும் அந்தச் சத்தம் கரைந்துபோக வேண்டும். தட்டவே இல்லையென்றால் டைமிங் பின்னால் கிடக்கிறது, வண்டி இழுக்காது. தட்டல் நிற்காமல் தொடர்ந்தால் முன்னால் போய்விட்டது, பிஸ்டனைத் தின்றுவிடும். ரோட்டோரமாக நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை அரைக்கால் விரல் திருப்புவார். மறுபடி ஓட்டுவார். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் போட்ட வண்டி என்றால் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட வண்டிக்கு டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் வைத்துக் கொடுத்து, "இழுவை கொறையும், இன்ஜின் பொழைக்கும்" என்று வண்டிக்காரரிடம் சொல்வார்.

அந்தத் தட்டல் என்ன என்று மாமாவிடம் கேட்டிருந்தால் அவர் எளிதாகச் சொல்லியிருப்பார். மருந்து எரிவது வேறு, வெடிப்பது வேறு. பிளக்கிலிருந்து கிளம்பிய நெருப்பு ஒழுங்காகப் பரவி வந்துகொண்டிருக்கும்போதே, மூலையில் இருக்கும் மிச்சக் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகப் பற்றி ஒரே நொடியில் வெடிக்கிறது. அந்த அதிர்வு இரும்பில் சுத்தியால் அடிப்பது போல் கேட்கிறது. அதை அடக்கத்தான் வெகுகாலம் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். நம் நாட்டில் 2000 பிப்ரவரியோடு ஈயம் நின்றது. பெட்ரோல் மாறிய அதே சமயத்தில் வண்டிகளும் மாறின.

1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெருகின. எங்கள் பட்டறைக்கு அந்த மாதிரி வண்டி வந்து சேர இன்னும் சில வருஷங்கள் ஆயின. அப்போது அண்ணாச்சி இல்லை; பட்டறை என் பொறுப்பில். ஓர் அச்சகக்காரர் தன் காரைக் கொண்டுவந்து, மைலேஜ் குறைகிறது என்றார். பானட்டைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. திருப்ப எதுவும் இல்லை. டைமிங் லைட்டை மாட்டி, புல்லியின் மார்க்கைப் பார்த்தேன். மார்க் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஐட்லிங்கில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தது.

என் அனுபவத்தில் மார்க் ஆடினால் எங்கோ தேய்மானம் என்று அர்த்தம். டைமிங் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். பெல்ட்டை இறக்கினேன். புதுசு மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது. வண்டி ஓடியது, ஆனால் உயிரில்லை. மூன்று நாள் அதனோடு மல்லுக்கட்டினேன். பொறியைச் சந்தேகப்பட்டு பிளக் மாற்றினேன், காயில் மாற்றினேன். பொறி சரியாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. அது கிராங்கின் சென்சாரைப் பார்த்து விழுகிறது. பிசகியது வால்வு திறக்கும் நேரம். பட்டறையில் நாங்கள் இரண்டையும் டைமிங் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரே சொல் என்னை மூன்று நாள் அலையவைத்தது. பெல்ட்டை மறுபடி இறக்கிச் சரிசெய்து, செலவை என் கையிலிருந்து போட்டு வண்டியைக் கொடுத்தேன். மைலேஜ் குறைந்ததற்குக் காரணம், தண்ணீரின் சூட்டைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சின்ன சென்சார். இன்ஜின் சூடாகவே இல்லை என்று நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி ஊற்றியிருக்கிறது.

அந்த மார்க் ஏன் ஆடியது என்பதை மதுரையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். ஐட்லிங்கில் வேகம் சற்று விழுந்தால் கம்ப்யூட்டர் பொறியை முன்னே தள்ளி இன்ஜினுக்குக் கை கொடுக்கிறது; வேகம் ஏறினால் பின்னே இழுக்கிறது. காற்றைக் கூட்டிக் குறைப்பதைவிட இது உடனே பலிக்கும். மார்க் ஆடுவதுதான் அந்த இன்ஜினின் ஆரோக்கியம். ஆரோக்கியத்தை நோய் என்று நினைத்து அறுத்துப் பார்த்திருக்கிறேன். அன்று வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உண்டான வருத்தம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

வாத்தியார் பலகையில் ஒரு கட்டம் போட்டார். குறுக்கே வேகம், நெடுக்கே சுமை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்: இந்த வேகத்தில், இந்தச் சுமையில், உச்சிக்கு இத்தனை டிகிரி முன்னால் பொறி. கிராங்கோடு ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் விட்டு 58 பல் மட்டும் இருக்கும்; அந்த இரண்டு பல் இடைவெளி கடந்துபோகும்போது கிராங்க் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். கட்டத்திலிருந்து எண்ணை எடுக்கிறது. தண்ணீரின் சூடு, உள்ளே வரும் காற்றின் சூடு பார்த்து ஒன்றிரண்டு டிகிரி கூட்டிக் கழிக்கிறது. 1977-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோவில் பொறியின் நேரத்தை மைக்ரோபிராசசரிடம் ஒப்படைத்தார்கள். 1979-ல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனி பெட்ரோலையும் பொறியையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்தது. நான் பொட்டலில் வாட்சைப் பிடித்து நின்றதற்குச் சில வருஷங்கள் முன்னாலேயே இதெல்லாம் நடந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் மேசைமேல் வைத்த பொருளை என்னால் மறக்க முடியாது. நடுவில் ஓட்டையோடு, பெரிய மோதிரம் மாதிரி. நாக் சென்சார். இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். உள்ளே இருக்கும் படிகம் அதிர்ந்தால் மின்சாரம் கொடுக்கும். ஆயிரம் சத்தங்களுக்கு நடுவே அந்தத் தட்டல் சத்தத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிரித்தெடுக்கிறது. தட்டியதும் பொறியைச் சில டிகிரி பின்னுக்கு இழுக்கிறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, தட்டுகிறதா தட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டே முன்னே கொண்டுபோகிறது.

டாப் கியர், ஆக்சிலேட்டர், ரோட்டோரம், அரைக்கால் விரல். அண்ணாச்சி அந்த மோதிரத்துக்குள் உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகும் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது. எத்தனால் லேசில் தட்டாது. இந்தக் காது உள்ள வண்டிகளில், பங்க்குக்கு பங்க் பெட்ரோல் மாறினாலும் தட்டலைக் கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டர் தன் எல்லையைத் தேடிக்கொள்கிறது. காது இல்லாத சின்ன வண்டிகளில், எழுதி வைத்த கட்டம்தான் கதி.

இளந்தாரிப் பையன்கள் லேப்டாப்போடு வருகிறார்கள். "அண்ணே, ரீமேப் பண்ணி அட்வான்ஸ ஏத்தி விடுங்க, சும்மா பறக்கணும்." நான் செய்வதில்லை. கம்பெனிக்காரன் கட்டத்தில் இரண்டு மூன்று டிகிரி விட்டு வைத்திருப்பது மே மாத வெயிலுக்காக, மோசமான பெட்ரோலுக்காக, நான்கு பேர் ஏறிய வண்டிக்காக. அந்த இடைவெளியைத் தின்றுவிட்டால் பிறகு தாங்க எதுவும் இல்லை. அவர்கள் என்னைப் பழைய ஆள் என்று நினைக்கலாம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலைத் தீயில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வெந்து போனார்கள். அன்று பட்டறையில் ஓடும் நிலையில் இருந்த வண்டிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். ஏற்றி வந்தவர்களில் ஒருவர், சின்ன வயதில் எங்கள் தெருவில் எனக்குப் பம்பரம் விடக் கற்றுக்கொடுத்த அண்ணன். பற்றக்கூடாத நேரத்தில் பற்றிய நெருப்பை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவனிடம், இரண்டு டிகிரிதானே என்று யாரும் சொல்லிப் பயனில்லை.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபோது டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்குள்ளும் கம்ப்யூட்டர் நுழைந்துவிட்டது. காய்கறி மூட்டை, தண்ணீர்க் குடம், ஆட்டுக்குட்டி என்று எங்கள் ஊர் எதையெல்லாம் ஏற்றுகிறதோ அதையெல்லாம் சுமக்கிற வண்டி. மாமாவிடமும் ஒன்று இருக்கிறது. எண்பதை நெருங்கிவிட்டார், மகன்தான் ஓட்டுகிறான், அவர் பின்னால் உட்கார்ந்துகொள்கிறார். போன தை மாதம் வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது என்று இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். ஸ்கேனரை மாட்டினேன். பையனை ஆக்சிலேட்டரை முறுக்கச் சொன்னேன். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பத்து. பதினேழு. இருபத்தாறு. விட்டதும் மறுபடி பத்து.

"என்னப்பா இது, எண்ணு ஓடுது?"

"எவ்வளவு முன்னாடி நெருப்பு வைக்குதுன்னு காட்டுது மாமா. பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடி."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "வேகம் போகப் போக முன்னாடி போகுது."

"ஆமா மாமா."

"வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் மாத்திக்கிடுமா?"

"இன்ஜின் சூடு பார்த்து, காத்தப் பார்த்து மாத்திக்கிடும்."

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

கம்பெனியில் இன்ஜினைக் கட்டிப்போட்டு ஓட்டுவார்கள் என்றேன். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு சுமைக்கும் பொறியை ஒவ்வொரு டிகிரியாக நகர்த்தி, எங்கே நன்றாக இழுக்கிறது, எங்கே தட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறிப்பார்கள். அப்புறம் வெயிலில் ஓட்டிப் பார்ப்பார்கள், குளிரில் ஓட்டிப் பார்ப்பார்கள், மலையில் ஏற்றிப் பார்ப்பார்கள். மாதக்கணக்கில் நடக்கும் வேலை. அந்த எண்கள்தான் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன.

மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப அங்கயும் எவனோ ஒரு பய வாட்சப் பிடிச்சுக்கிட்டு நின்னுருக்கான்" என்றார். பிறகு மகனிடம் திரும்பி, "இன்னொரு தடவ முறுக்குடா, மெதுவா" என்றார்.